அடுத்த கணினி மொழி எது?



நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டுக்கு அருகே சேரங்கோடு என்ற ஊர் இருக்கிறது. உதகையின் அழகைக் காண வருவோர் அந்தப் பக்கம் செல்வது அரிது. 1964-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வாழ்வளிப்பதற்காக 1968-இல் தமிழக அரசு ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' என வழங்கும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சேரங்கோடும், அதை அடுத்த சேரம்பாடியும் கொளப்பள்ளியும் அக்கழகத்தின் தோட்டங்கள் உள்ள ஊர்கள். அங்கே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இவற்றோடு தம் சொந்த மொழியும் உண்டு. பல மொழி பழகுதல் அங்கே புலமையின் அடையாளம் அன்று, அன்றாடத் தேவை.

அத்தகைய ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் மாணவர் ஒருவர், "கணினி மொழி ஒன்றிரண்டு படித்துவிட்டேன், அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

விடை தேடுமுன் அவரையே ஒன்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. நீர் மலையாளம் கற்றது எவ்வாறு? உலக மொழிகளை எல்லாம் ஒப்பிட்டு, அவற்றுள் எது சிறந்தது என்று ஆராய்ந்தா கற்றீர்? அப்படி இல்லையே. கடைக்காரரிடம் பேச வேண்டியிருந்தது, பேசினீர், மொழி வந்துவிட்டது. கணினி மொழியிலும் இதே முறைதான் செல்லும் என்பது என் கருத்து. "எது சிறந்த மொழி?" என்பது பயனற்ற வினா. "நான் செய்ய விரும்பும் எந்த வேலை, நான் அறிந்த மொழியில் தடைப்பட்டு நிற்கிறது?" என்பதே கேட்கத் தக்க வினா.

இவ்வாறு கேட்க வேண்டுமானால் முதலில் ஏதேனும் ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான மாணவரிடம் இல்லாதது அதுவே.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில், 2018-ஆம் ஆண்டு வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 'சி பிளஸ் பிளஸ்' மொழியைக் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் 'பைத்தான்' மொழியைக் கற்பித்தது. ஆக இரண்டு ஆண்டில் இரண்டு மொழி. கணினிப் பயன்பாடுகள் என்ற பாடத்தை எடுத்தவர்கள் இணையப் பக்கம் அமைக்கும் முறையையும், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகிய மொழிகளையும் கண்டிருப்பார்கள். கண்டிருப்பார்கள் என்றுதான் சொல்லுகிறேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்த நிரலைத் தவிர, தாமாக ஒரு நிரலைத் தொடங்கி முடித்தவர் அவர்களுள் சிலரே. இவர்கள் மூன்றாம் மொழிக்குச் செல்வதைவிட, அறிந்த மொழியில் ஒரு வேலையை முடித்துப் பார்ப்பது நல்லது.

என்ன வேலை? சேரங்கோட்டு மாணவருக்கு வேலை கண்முன்னே இருக்கிறது. தேயிலைக் கொழுந்தின் கணக்குத்தான் அது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பறித்த கொழுந்து நிறுக்கப்படுகிறது; பெயருக்கு எதிரே எடை எழுதப்படுகிறது; மாத முடிவில் கூட்டிப் பார்க்கப்படுகிறது. சிறு விவசாயி ஆலைக்கு விற்கும் கொழுந்துக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. இதைப் பைத்தானில் எழுதினால் முப்பது நாற்பது வரிக்குள் அடங்கிவிடும். பெயர்களும் எடைகளும் ஒரு பட்டியல்; பட்டியலை ஒருமுறை சுற்றிவரும் ஒரு மடக்கு; கூட்டுத்தொகை சொல்லும் ஒரு செயற்கூறு. அவ்வளவுதான்.

இச்சிறு வேலையே மொழிகளின் வேற்றுமையை எவ்வளவு தெளிவாகக் காட்டிவிடுகிறது என்று பாருங்கள். ஒருவர் இரண்டு நாளில் 47 கிலோ பறித்தார். நாளொன்றுக்குச் சராசரி என்ன? 47-ஐ 2-ஆல் வகுக்குமாறு பைத்தானிடம் சொன்னால் 23.5 என்று விடை தரும். அதே வரியைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் இரண்டு முழு எண்களைக் கொண்டு எழுதினால் விடை 23. அரைக் கிலோ எங்கே போயிற்று? முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை விட்டுவிடுவது அம்மொழியின் விதி. கணினி பிழை செய்யவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அந்த அரைக் கிலோ, அட்டைக்கடியும் மழையும் பொறுத்து ஒருவர் பறித்தது. தேர்வில் ஒரு மதிப்பெண் போவதும், சம்பள நாளில் ஒருவருடைய கொழுந்து குறைவதும் ஒன்றாகா.

பைத்தானும் எல்லாவற்றிலும் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். அதனிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். நாம் பத்தின் அடுக்குகளில் எழுதும் பின்னத்தைக் கணினி இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்ளுவதால் நேரும் சிறு வழு இது. ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் உண்டு. ஆகவே எடையைக் கிலோவில் புள்ளி வைத்து எழுதாமல், கிராமில் முழு எண்ணாக எழுதிக்கொள்ளுவது அறிவுடைமை. 23.5 கிலோ என்பதற்கு 23500 என்று எழுதினால் இத்தொல்லை எழாது.

ஆனால் கிராமுக்கு மாறியதும் சி பிளஸ் பிளஸ் வேறொரு இடத்தில் காலை வாருகிறது! அதில் சாதாரண முழு எண்ணுக்கு, நாம் இன்று பயன்படுத்தும் கணினிகளில், 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் என்பது உச்ச எல்லை. நாளொன்றுக்கு 10 டன் கொழுந்து வாங்கும் ஆலை ஒன்று இருக்குமானால், அதன் கூட்டுத்தொகை கிராம் கணக்கில் 215-ஆம் நாள் அந்த எல்லையைத் தாண்டும். தாண்டியபின் கணக்கு நெறிகெட்டுப் பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகிவிடும். பைத்தானில் இந்த எல்லை இல்லை. எண் வளர வளர அது நினைவகத்தில் இடத்தை வளர்த்துக்கொள்ளும். சி பிளஸ் பிளஸ் மொழியில் அந்தப் பொறுப்பு எழுதுகிறவருடையது: பெரிய எண் வகை அதிலும் உண்டு, கேட்டுப் பெற வேண்டும்.

இப்போது நம் மாணவரின் வினாவுக்கு வரலாம். அவர் பைத்தானில் கொழுந்துக் கணக்கை எழுதி முடித்தார். அடுத்த நாள் திறந்து பார்த்தால் நேற்றைய எடைகள் இல்லை. நிரல் நின்றவுடன் நினைவகத்தில் இருந்தவை மறைந்துவிட்டன. இங்கே முதல் தடை. கோப்பில் எழுதி வைக்கலாம். ஆனால் "சென்ற மழைக்காலத்தில் 20 கிலோவுக்குக் குறைவாக எடை வந்த நாட்கள் எவை?" என்று கேட்கும்போது கோப்பைத் துருவுவது பெரும்பாடு. இத்தகைய தேவைக்கென்றே பிறந்தது 'எஸ்கியூஎல்' என்னும் வினவல் மொழி. 1970-இல் காட் என்ற அறிஞர் தரவுகளை அட்டவணைகளாக வைத்து ஆளும் கொள்கையை வெளியிட்டார். அதைப் பின்பற்றி, ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் 1974-இல் இம்மொழியின் முதல் வடிவத்தை வெளியிட்டனர். ஐம்பது ஆண்டு கடந்தும் அது ஆட்சி செய்கிறது.

அடுத்த மொழியாக ஒன்றைச் சொல் என்று என்னை வற்புறுத்தினால், பெரும்பாலான மாணவர்க்கு இதையே சொல்வேன். பலர் வியப்படைவார்கள். எஸ்கியூஎல் ஒரு மொழியா, வெறும் கருவியன்றோ என்று சிலர் தருக்கமும் செய்வார்கள். அந்தத் தருக்கம் அவர்களோடு இருக்கட்டும். பைத்தானில் நாம் வழி சொல்லுகிறோம்: முதலாவதை எடு, பார், சிறிதானால் தனியே வை, அடுத்ததற்குப் போ. எஸ்கியூஎல் மொழியில் வேண்டியதை மட்டும் சொல்லுகிறோம்: 20 கிலோவுக்குக் குறைந்தவை வேண்டும், நாள்வாரியாக வேண்டும். வழியை அது பார்த்துக்கொள்ளும். இப்படியும் சிந்திக்கலாம் என்று அறிவது ஒரு புதிய வாயில் திறப்பது போன்றது. அடிப்படையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஆலை அலுவலகத்திலும் பயன்படும். பன்னிரண்டாம் வகுப்பு நூலிலும் இதன் தொடக்கம் இருக்கிறது. பலர் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் தடை வேறு வகையானது. கணக்கு மாணவரின் கணினியில் இருக்கிறது. பறித்தவரோ தம் எடையைத் தம் கைப்பேசியில் பார்க்க விரும்புகிறார். விரும்புவது நியாயம். அப்பொழுது வேண்டுவது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். அவசரத்தின் வடுக்கள் இன்னும் அதன் உடலில் இருக்கின்றன. பக்கத்தின் ஒரு கட்டத்தில் 12 என்றும் மற்றொரு கட்டத்தில் 8 என்றும் எடையை உள்ளிட்டு, இரண்டையும் அப்படியே கூட்டச் சொன்னால் 20 வராது, 128 வரும்! கட்டத்தில் எழுதியவற்றை அது எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். பைத்தானிலும் உள்ளிடுவது எழுத்தாகவே வரும். ஆனால் எழுத்தையும் எண்ணையும் கலந்து கூட்டச் சொன்னால் அது பிழை என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது. குறை இருந்தும், உலாவிகள் எல்லாம் நேரே புரிந்துகொள்ளும் மொழி அதுவாக இருப்பதால் அதைத் தவிர்க்க வழியில்லை. கணினிப் பயன்பாடுகள் படித்த மாணவர் இதை முன்பே கண்டவர். அவருக்கு அடுத்தது பைத்தான்.

மூன்றாம் தடை எல்லோருக்கும் வருவதன்று. "இந்தப் பொறி உள்ளே என்னதான் செய்கிறது?" என்ற ஆவல் சிலரைப் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு உரியது 'சி' மொழி. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972-ஆம் ஆண்டளவில் யூனிக்ஸ் என்ற இயக்கு தளத்துக்காக உருவாக்கிய மொழி அது. முப்பது நாள் எடைகள் உள்ள பட்டியலில் முப்பத்தொன்றாவதைக் கேட்டால் பைத்தான், "அவ்வாறு ஒன்றில்லை" என்று கூறி நிறுத்திவிடும். சி மொழி நிறுத்தாது; பட்டியலுக்கு அப்பால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதையே எடுத்து எடை என்று நீட்டவும் கூடும். பைத்தானில் ஒரு காவலர் நமக்காக வாயிலில் நின்றிருந்தார் என்பதை, காவலர் இல்லாத வீட்டுக்குப் போனபின்தான் உணர்கிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொறியியல் மாணவர்க்கு முதற்பருவத்தில் பைத்தானையும், கணிப்பொறி அறிவியல் பிரிவினருக்கு இரண்டாம் பருவத்தில் சி மொழியையும் வைத்தது. அந்த வரிசை எனக்கு உடன்பாடானது. முதலில் பேசப் பழகி, பிறகு இலக்கணம் கற்பது போன்றது அது. பள்ளியில் சி பிளஸ் பிளஸ் முதலிலும் பைத்தான் பின்னும் வருவது இதற்கு நேர்மாறு; அதனால் பதினோராம் வகுப்பில் அஞ்சிய பலர் பன்னிரண்டாம் வகுப்பிலும் அச்சம் தெளியாமலே இருந்துவிடுகிறார்கள்.

ஜாவாவைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். கல்லூரியில் அது பாடமாக வரும், வரும்போது படித்துக்கொள்ளலாம். ரஸ்ட், கோ போன்ற புதியவற்றுக்கும் அதுவே சொல்வேன். நல்ல மொழிகள், தொடக்க மாணவர்க்கு அவற்றால் தீரும் தடை இன்னும் எழவில்லை.

தவறான மொழியைத் தேர்ந்தால் வாழ்வே வீணாகுமோ என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. இங்கே நம் நாட்டு வரலாறு துணை செய்யும். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 1620 என்ற கணினி வந்தது. அங்கே மாணவர்கள் கற்றது ஃபோர்ட்ரான். 1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் அறிவியல் கணக்குகளுக்கென வெளியிட்ட மொழி. ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வை. இராசாராமன் அங்கே ஆசிரியராக இருந்து, நாடு முழுவதும் மாணவர் படித்த நிரலாக்க நூல்களை எழுதினார். அக்கால மாணவர்க்கு எதைத் தேர்வது என்ற குழப்பமே இல்லை, இருந்ததைக் கற்றார்கள். பின்னர்ப் பாஸ்கல் வந்தது, சி வந்தது, ஜாவா வந்தது. அவர்கள் மாறிக்கொண்டார்கள். மடக்கும் நிபந்தனையும் செயற்கூறும் எல்லாவற்றிலும் இருந்தன, எழுத்துமுறைதான் வேறு. முதல் மொழிக்கு ஓராண்டு ஆனால் இரண்டாவதற்கு அவ்வளவு ஆகாது. வாய்க்கால் ஒருமுறை வெட்டப்பட்டால் நீர் வேறாயினும் ஓடும்.

ஆங்கிலம் தடையாக நிற்கும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. முத்து அண்ணாமலை என்ற தமிழர் 'எழில்' என்ற நிரல்மொழியைத் தமிழ்ச் சொற்களாலேயே ஆக்கியிருக்கிறார். திரையில் காட்டுவதற்குப் 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', நிரல்பகுதியின் இறுதிக்கு 'முடி' என்று எழுதலாம். நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக, தமிழ் வாக்கியம் போலவே அமைத்திருப்பது சுவையானது. வேலைவாய்ப்புக்கு அது உதவாது என்பர், உண்மைதான். உங்கள் தங்கைக்கோ தம்பிக்கோ நிரல் என்றால் என்ன என்று ஒரு மாலையில் காட்டுவதற்கு அதைவிட நல்லதை நான் அறியேன். பைத்தானிலும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'கொழுந்து', 'எடை', 'கூலி' என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்ளும். மொழிக்கே உரிய சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அவை நாற்பதைத் தாண்டமாட்டா.

வேறொரு வினாவையும் இக்காலத்தில் தவிர்க்க இயலாது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், கேட்ட மாத்திரத்தில் எந்த மொழியிலும் நிரல் எழுதித் தரும் பொறிகள் பெருகிவிட்டன. பின் ஏன் மொழி கற்க வேண்டும்? ஒரு பொறி எழுதித் தரும் நிரலில் 47-ஐ 2-ஆல் வகுத்து 23 என்று இருக்குமானால், அதைக் கண்டுபிடிப்பவர் யார்? பறித்தவர் கண்டுபிடிப்பார், சம்பள நாளில், மனக்கசப்போடு. அதற்குமுன் கண்டுபிடிக்க, அந்த வரியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எழுதும் சுமை குறைந்திருக்கிறது. படிக்கும் பொறுப்பு கூடியிருக்கிறது. ஆகவே மொழிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒவ்வொன்றும் எவ்விடத்தில் வாய் திறவாமல் ஏமாற்றும் என்று அறிவது இப்போது கூடுதல் பயன் தரும்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதத்தில் ஐந்து மொழி என்று விளம்பரம் செய்யும் பயிற்சிக்கூடங்கள் நகரங்களில் உண்டு. தோட்டத்துக் குடும்பம் ஒன்று அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் கொண்டு நிரலாக்கம் கற்பிக்கும் பாடங்கள் என்பிடெல் என்ற தேசியத் திட்டத்தின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; சான்றிதழ் வேண்டினால்தான் தேர்வுக்கட்டணம். கணியம் வெளியிட்ட நூல்களுள் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' என்பதும் இலவசமாகப் பெறத்தக்கது. கணினி இல்லாதோர் ஆண்டிராய்டு கைப்பேசியில் 'பைட்ராய்டு' போன்ற செயலியை நிறுவிக்கொண்டால், இணையம் இல்லாத வேளையிலும் பைத்தான் எழுதிப் பார்க்கலாம். தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும். சிறிய திரையில் எழுதுவது விரலுக்கு வருத்தம்தான். ஆனால் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் பைத்தானோடு சேர்ந்தே வருவதால், இரண்டாம் மொழியும் அதே கைப்பேசியில் தொடங்கிவிடும்.

புதிய மொழியை எடுத்தவுடன் புதிய பயிற்சிகளைத் தேட வேண்டாம். பழைய மொழியில் எழுதிய அதே கொழுந்துக் கணக்கைப் புதிய மொழியில் மறுபடி எழுதுங்கள். ஒரு மாத எடைகளை இரண்டுக்கும் கொடுங்கள். கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், எந்த நாளில், எவருடைய எடையில் அவை பிரிகின்றன என்று தேடிச் செல்லுங்கள். அங்கேதான் அந்த மொழியின் முதற்பாடம் இருக்கும்.